லாங்கி கிரானில் மிளகு

பல்லாரட்டுக்கு மேற்கே

மெல்போர்னிலிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலையில் வெகுதூரத்துக்கு ஊர் விட்டுப்போவதே இல்லை. வீடு, கிடங்கு, கார் விற்கும் முற்றம், மறுபடி வீடு. பல்லாரட் தாண்டியதும் நிலம் சட்டென்று காலியாகிவிடுகிறது. வைக்கோல் நிறத்தில் மேய்ச்சல் வெளி, கம்பிவேலி, வேலிக்குள் தலையைத் தரையிலிருந்து எடுக்காத செம்மறிகள். ஏப்ரல் அங்கே இலையுதிர்காலம். வெயிலில் கண் கூசுகிறது, காற்றில் மட்டும் மார்கழிக் குளிர்.

வண்டி ஓட்டியவர் மச்சான், என் அக்காவின் வீட்டுக்காரர். சொந்த ஊர் போடி. அவருடைய அப்பா காலத்திலிருந்து குடும்பத்துக்கு அங்கே மிளகு, ஏலக்காய் வியாபாரம். மெல்போர்னின் மேற்குப் புறநகரில் வீடு வாங்கி நிலைத்த பிறகும், மளிகைக் கடையில் ஏலக்காயைக் கையில் உருட்டிப் பார்த்துக் குறை சொல்வதை அவர் விடவில்லை. மது தொடமாட்டார். “ஒயினுக்காகவா இம்புட்டு தூரம் மாப்ள?” என்று முந்தின நாள் வரைக்கும் முணுமுணுத்தார். திராட்சைத் தோட்டம் என்றதும் சாவியை எடுத்துக்கொண்டார்.

எனக்கு ஊர் கம்பம் பள்ளத்தாக்கு. பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்து நடந்து வளர்ந்தவன். எங்களுக்குத் திராட்சை என்பது பெட்டியில் அடுக்கி அன்றைக்கே லாரி ஏற்ற வேண்டிய பண்டம். ஒரு நாள் தாமதமானால் விலை போய்விடும். அப்படிப்பட்ட பழத்தை ஒயினாக்கிப் புட்டியில் அடைத்து இருபது வருஷம் போட்டு வைக்கிறார்கள், ஒரே தோட்டத்துப் பழத்தை வேறு எதோடும் கலக்காமல் செய்கிறார்கள், அதில் மிளகே சேர்க்காமல் மிளகு மணக்கிறது என்று படித்ததிலிருந்து லாங்கி கிரான் என்ற அந்தத் தோட்டத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம். மிளகு என்று மட்டும் இல்லாவிட்டால் கிளம்பியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

போஃபோர்ட்டில் பேக்கரிக்கு முன்னால் நின்றோம். ஆஸ்திரேலியச் சிற்றூர்களில் சாப்பாட்டுக்கு நம்பி நிற்கக்கூடிய இடம் பேக்கரிதான். மாட்டிறைச்சிப் பை, சாஸேஜ் ரோல், மஞ்சள் கஸ்டர்ட் வைத்த வெனிலா ஸ்லைஸ். நான் பை வாங்கினேன். கடித்தால் உள்ளேயிருந்து கொதிக்கும் குழம்பு நாக்கைச் சுடுகிறது, குழம்பில் மிளகுத்தூள் தாராளம். மச்சான் அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரையை வெளியே மரப்பெஞ்சில் பிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான விவசாயி, நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்கவில்லை. மழையைப் பற்றித்தான் பேசினார். புல் காய்ந்துவிட்டது, வைக்கோல் விலை ஏறிவிட்டது, பாதி ஆடுகளை விற்றுவிட்டேன். மச்சான் மொழிபெயர்க்கத் தேவையில்லாத பேச்சு. எழுந்து போகும்போது புளியோதரையைக் காட்டி, “மணமாக இருக்கிறது” என்றார்.

புவாங்கோர் அருகே சாலையோரம் பெரிய யூகலிப்டஸ் மரங்கள் வந்தன. இது ஜாப் வுரங் மக்களின் நிலம். நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது அவர்கள் புனிதமாகக் கருதும் மரங்களைக் காக்க 2018 முதல் அங்கே கூடாரம் போட்டுப் போராடினார்கள். 2020 அக்டோபரில் ஒரு மரம் வெட்டப்பட்டது. சாலை அந்த இடத்தைச் சில நொடிகளில் கடந்துவிடுகிறது.

லாங்கி கிரான்

மலை முதலில் தெரிகிறது. கருங்கல் மலை, சுமார் 950 மீட்டர் உயரம், மேலே மொட்டைப் பாறை, இடுப்புக்குக் கீழே காடு. கிழக்கே மவுண்ட் கோல். இரண்டுக்கும் இடையே உள்ள சரிவில் தோட்டம். பகலில் வெயில் அடித்தாலும் சாயங்காலம் மலை நிழல் சீக்கிரமே விழுந்துவிடும். இரவில் குளிர்காற்று சரிவு வழியாக இறங்கும். பழம் பழுப்பது தள்ளிப்போகிறது. ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் என்ற திராட்சை ரகத்துக்குப் பேர்போன பரோசா பள்ளத்தாக்கில் அறுவடை முடிந்து ஆட்கள் ஓய்ந்த பிறகும் இங்கே பழம் கொடியில் இருப்பது வழக்கம்.

இந்த இடத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கொடி இருந்து அழிந்துபோயிற்று. இப்போதிருப்பது ஃப்ராட்டின் சகோதரர்கள் 1969-இல் நட்டது. ‘ஓல்ட் பிளாக்’ என்று சொல்கிறார்கள். லாங்கி ஷிராஸ் இந்த ஒரு துண்டு நிலத்தின் பழம். 1980-களில் டிரெவர் மாஸ்ட் என்ற ஒயின் தயாரிப்பாளர் கைக்கு வந்த பிறகுதான் வெளியூர்க்காரர்கள் இதைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவர் 2012-இல் காலமானார். அதற்குப் பத்தாண்டு முன்பே தோட்டம் ராத்போன் குடும்பத்துக்கு விற்கப்பட்டிருந்தது.

உள்ளே போகுமுன் காலணி அடிப்பாகத்தைக் கிருமிநாசினியில் நனைக்கச் சொன்னார்கள். வேறு எந்தத் தோட்டத்துக்காவது சமீபத்தில் போனீர்களா என்று தோட்டத்துப் பெண் கேட்டாள். முப்பது வயதிருக்கும், முழங்கை வரை திராட்சைக் கறை. கம்பத்தில், தேனி மாவட்டத்தில், என்றேன். அது எந்த நாடு என்று கேட்டு, தெரிந்ததும் சிரித்தாள். பயம் வேர்ப்பூச்சியைப் பற்றியது. ஃபைலாக்ஸெரா என்ற அந்தச் சின்னப் பூச்சி 1877-இல் ஜீலாங்கில் தென்பட்டு, விக்டோரியாவின் பல பகுதிகளில் தோட்டங்களை ஒழித்துக்கட்டியது. மேற்கே இந்த மூலைக்கு அது வரவில்லை.

அறுவடை முடியும் தறுவாய். சில வரிசைகளில் இன்னும் பழம் இருந்தது. நம்மூர் மாதிரி பந்தல் இல்லை. நெஞ்சு உயரத்தில் கம்பி கட்டி, கொடியை அதன்மேல் ஓட விட்டிருக்கிறார்கள். குனியாமல் நடக்கலாம். முதுகுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பந்தலுக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கொத்து கையளவு, பழம் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது. மச்சான் பார்த்த மாத்திரத்தில், “இதைக் கம்பம் மார்க்கெட்டுல கொண்டுபோய் வெச்சா சீந்துவாரு கிடையாது” என்றார். உண்மைதான். நாங்கள் பழம் பருக்க வேண்டும் என்று பாடுபடுகிறவர்கள். இவர்களுக்குப் பழம் பருத்தால் கவலை. நிறம், துவர்ப்பு, மிளகு வாசனை எல்லாம் தோலில் இருப்பவை. பழம் சிறுத்தால் சாற்றுக்குத் தோல் அதிகம்.

ஒன்றைப் பறித்து வாயில் போட்டேன். கெட்டித் தோல், நல்ல இனிப்பு, பின்னாலேயே புளிப்பு. தோலை மட்டும் ஒதுக்கி மென்றேன். துவர்த்தது. கடைசியில் மூக்கின் பின்பக்கம் ஏதோ ஒன்று எழுந்தது. மிளகு என்று சத்தியம் செய்ய மாட்டேன். வருகிறது என்று தெரிந்துகொண்டு தேடினால் எதுவும் கிடைக்கும்.

அந்த வாசனைக்குக் காரணமான பொருளின் பெயர் ரோட்டண்டோன். ஷிராஸில் மிளகு மணப்பது ஏன் என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் 2008-இல் அதை அவிழ்த்தது. கறுப்பு மிளகிலும் வெள்ளை மிளகிலும் இருக்கும் அதே பொருள் இது. மிளகில் பல ஆயிரம் மடங்கு அதிகம், ஒயினில் துளியிலும் துளி. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கிட்டால் கிடைப்பது ஒரு நானோகிராம். இதில் எனக்குப் பிடித்த தகவல் வேறு. இந்தப் பொருளை முதலில் கண்டறிந்தது மிளகிலும் இல்லை, திராட்சையிலும் இல்லை, கோரைக்கிழங்கில். நம் வயல் வரப்பில் களையென்று பிடுங்கி எறிவதும், காயவைத்து நலுங்குமாவில் சேர்ப்பதும் அதேதான். இதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் கைபேசியை எடுத்து, கோரைப் புல்லின் படத்தைப் பார்த்து, “இது எங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே இருக்கிறது, ஒழிக்க முடியவில்லை” என்றாள்.

லாங்கி கிரான் தோட்டத்தை வைத்தே ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. 6.1 ஹெக்டேர் நிலத்தில் கொடி கொடியாகப் பழம் எடுத்து அளந்து வரைபடம் போட்டார்கள். மிளகு தோட்டம் முழுக்க ஒரே சீராக இல்லை. ஆண்டுக்கு ஆண்டு மொத்த அளவு பெரிதும் ஏறி இறங்கினாலும், கூடுதலாக மணக்கும் மூலை ஏறத்தாழ அதே மூலைதான். பூமியின் இந்தப் பாதியில் சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் தெற்குப் பார்த்த சரிவு நிழலில் இருக்கும். அங்கே மிளகு அதிகம். பழத்தின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டத் தாண்ட ரோட்டண்டோன் குறைகிறது. ஒரே கொத்தில்கூட வெயில் படும் முன்பக்கப் பழத்தைவிட நிழலில் ஒளிந்திருக்கும் பழத்தில் அதிகம். குளிர்ந்த, மழை பெய்த ஆண்டின் ஒயினில் மிளகு தூக்கலாக இருக்கும். காய்ந்த ஆண்டில் மங்கும்.

கம்பத்தில் இப்படி ஒரு வரைபடம் யாரும் போட்டதில்லை. ஆனால் எந்தப் பந்தலில் எந்த மூலைப் பழம் முதலில் நிறம் பிடிக்கும் என்று என் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த அறிவுக்கு அங்கே விலை இல்லை. எல்லாப் பழமும் ஒரே பெட்டிக்குள், ஒரே தராசில். எங்கள் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்தது. அதுவும் பள்ளத்தாக்கு மொத்தத்துக்குமான பெயர். ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அதன் ஒரு துண்டைச் சொல்லி, கூடுதல் விலை கேட்கும் துணிச்சலை இங்கேதான் பார்த்தேன். பொறாமையாக இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

ருசிபார்க்கும் அறையில் முதலில் புதிய லாங்கியை ஊற்றினார்கள். நாவல்பழக் கறை நிறம். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் சந்தேகம் போய்விட்டது. அம்மியில் அப்போதுதான் உடைத்த மிளகு. தூளாக அரைத்தது அல்ல, இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பின்னால்தான் கறுத்த பழங்களின் வாசனை வந்தது. குடித்தால் நாக்கின் இரு பக்கமும் துவர்ப்பு பிடித்து இழுக்கிறது, புளிப்பு நடுவில் ஓடுகிறது. நல்லது என்று புரிகிறது. இன்பம் என்று சொல்ல இன்னும் நாளாகும். ஒயின்ஷாப் என்று பலகை மாட்டிய கடையில் பிராந்திக்கு வரிசை நிற்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த அளவு நிதானமே புதிது.

பிறகு, வேறு விருந்தினருக்காகத் திறந்து மீதமிருந்த பழைய புட்டி ஒன்றிலிருந்து கால் கிளாஸ் கிடைத்தது. பதினைந்து வயதைக் கடந்தது. நிறம் விளிம்பில் செங்கல் நிறமாக வெளுத்திருந்தது. பழத்தின் பளபளப்பு போய், தோல் செருப்பு, மழைக்குப் பிந்திய மண், காய்ந்த தேயிலை. துவர்ப்பு மழுங்கி நாக்கில் வழுக்குகிறது. மிளகு மட்டும் அப்படியே நிற்கிறது. ஒயின் இத்தனை வருஷம் தாங்குவதற்கான காரணத்தை அந்தப் பெண் சுருக்கமாகச் சொன்னாள். குளிர் இரவுகளால் பழத்தில் தங்கும் புளிப்பு ஒயினைக் கெடாமல் பிடித்து வைக்கிறது. துவர்ப்புப் பொருட்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, வண்டலாகப் புட்டியின் அடியில் இறங்குகின்றன. திருகுமூடி போடுவதால் காற்று மிகக் கொஞ்சமாகத்தான் நுழைகிறது.

காத்திருப்பதைப் பற்றி ஒயின்காரர்கள் பக்தியோடு பேசுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பதினைந்து வருஷம் பணத்தை முடக்கிப் போட வசதி இருக்கிறவர்தான் காத்திருக்க முடியும். வங்கிக் கடனுக்குத் தவணை கட்டும் சம்சாரி, மருந்துக்கடைப் பாக்கி வைத்திருப்பவர், காத்திருப்பதில்லை. எங்கள் ஊரில் கவாத்து வெட்டி நான்கு மாதத்தில் பழம், வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் வெட்டு. பலன் குறைந்தால் கொடியைப் பிடுங்கிவிட்டு வாழை வைப்போம். ஐம்பது வயதைத் தாண்டிய கொடியின் அடிமரத்தை நான் தொட்டுப் பார்த்தது இங்கேதான். பட்டை நார் நாராக உரிந்து கையோடு வந்தது.

அராரட்

அராரட் சின்ன ஊர். அகலமான ஒரு கடைத்தெரு, மூடிக்கிடக்கும் பழைய ஹோட்டல்கள். ஊரைப் பார்க்க நேரமில்லை என்று நினைப்பவர்கள் கும் சான் சீனப் பாரம்பரிய மையத்துக்கு மட்டுமாவது போக வேண்டும். 1855-இல் விக்டோரியா அரசு கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனர் தலைக்கும் 10 பவுண்ட் வரி போட்டது. வரிக்குத் தப்ப அவர்கள் பக்கத்து மாகாணத்தில் ரோப் துறைமுகத்தில் இறங்கி, வாரக்கணக்கில் நடந்து தங்க வயல்களுக்குப் போனார்கள். 1857-இல் அப்படி நடந்துபோன ஒரு கூட்டம் வழியில் தங்கிய இடத்தில் தங்கம் கிடைத்தது. ஊர் அங்கே எழுந்தது. ஆஸ்திரேலியாவில் சீனர்கள் தோற்றுவித்த நகரம் இது ஒன்றுதான் என்கிறார்கள்.

மச்சான் அந்தக் கண்காட்சியில் என்னைவிட அதிக நேரம் நின்றார். தோளில் காவடித்தண்டு மாதிரி மூங்கில் கழி, இரு முனையிலும் கூடை. “தலைக்கு வரி போட்டா நடந்து வந்துட்டான் பாரு” என்றார். தானும் விசாவுக்காக எத்தனை வாசல் ஏறி இறங்கினேன் என்ற கதையை வண்டியில் ஏறியதும் தொடங்கினார். அது தனிக் கட்டுரை.

கிரேட் வெஸ்டர்ன்

அராரட்டிலிருந்து வடமேற்கே கொஞ்ச தூரம். தங்கம் தோண்ட வந்தவர்களுக்கு இறைச்சி விற்றுப் பணம் பார்த்த பெஸ்ட் சகோதரர்கள், தங்கம் ஒரு நாள் தீர்ந்துபோகும் என்று கணக்குப் போட்டவர்கள். ஜோசப் பெஸ்ட் 1865-இல் ஒரு தோட்டம் தொடங்கினார், ஹென்றி பெஸ்ட் 1866-இல் கொங்கொங்கெல்லா ஓடைக்கரையில் இன்னொன்று. ஜோசப்பின் தோட்டத்தில் வேலையற்ற சுரங்கக்காரர்களை வைத்து நிலத்துக்கு அடியில் குடைந்த பாதாளப் பாதைகள் சுமார் மூன்று கிலோமீட்டர் நீளம். உள்ளே சுவரெல்லாம் கரும்பூஞ்சை படர்ந்து மெத்தென்றிருக்கிறது. அந்த இடம் பின்னால் ஹான்ஸ் இர்வின், செப்பெல்ட் என்று கை மாறி, நுரைக்கும் ஒயினுக்குப் பெயர் வாங்கியது.

ஹென்றியின் தோட்டத்தை 1920-இல் தாம்சன் குடும்பம் வாங்கியது, இன்றும் அவர்களிடம்தான். அங்கே 1868-இல் ஹென்றி நட்ட ஷிராஸ் வரிசைகள் இன்னும் காய்க்கின்றன. ஃபைலாக்ஸெரா வராததால் ஒட்டுக் கட்டாத சொந்த வேரில். நல்ல ஆண்டுகளில் மட்டும் அந்தப் பழத்தைத் தனியாகப் புட்டியில் அடைக்கிறார்கள். 1992-இல் தொடங்கியது. பக்கத்திலேயே ‘நர்சரி பிளாக்’, ஹென்றி சோதனைக்காக நட்ட ஏறத்தாழ நாற்பது ரகங்கள். அவற்றில் சிலது என்ன ரகம் என்று இன்றுவரை அடையாளம் காண முடியவில்லை. கையெழுத்துப் பலகையில் கேள்விக்குறியோடு நிற்கும் கொடியைப் பார்த்து மச்சானுக்கு ஒரே குஷி.

ஆஸ்திரேலியாவுக்கு ஷிராஸ் வந்த கதையில் 1832 என்ற ஆண்டு வருகிறது. ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவில் சேகரித்த கொடிக்குச்சிகள் அப்போது சிட்னிக்கு வந்தன. எங்கள் பன்னீர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்றும் சொல்வார்கள். அதற்குச் சொல்லப்படும் ஆண்டும் 1832. ஓடைக்கரையில் உட்கார்ந்து அக்காவின் மிச்சப் புளியோதரையைத் தின்றபோது இதை மச்சானிடம் சொன்னேன். “ரெண்டும் ஒரே கப்பல்ல வந்து கொழும்புல பிரிஞ்சிருக்கும்” என்றார். ஆதாரமில்லாத வரலாறு, ஆனால் மறுக்கவும் மனம் வரவில்லை.

ஹால்ஸ் கேப்

கிராம்பியன்ஸ் மலைகளை இந்த மண்ணின் மக்கள் கரிவெர்ட் என்கிறார்கள். 2024 டிசம்பரில் மூண்ட தீ இங்கே 76,000 ஹெக்டேர் அளவுக்கு எரித்தது. மரங்கள் அடி முதல் நுனி வரை கரி. அந்தக் கரிக்குள்ளிருந்தே பச்சைத் துளிர்கள் கம்பளி நூல் போலச் சுற்றிப் படர்ந்திருந்தன. திராட்சைக்காரர்களுக்குத் தீயைவிடப் புகை பயம். புகை தோலில் ஏறிவிட்டால் ஒயின் சாம்பலாக வாயில் நிற்கும். ஒரே தோட்டத்துப் பழம் என்ற விரதம் அப்போதுதான் உறுத்தும். வேறு இடத்துப் பழத்தைக் கலந்து ஒப்பேற்ற வழியில்லை, அந்த ஆண்டையே விட்டுவிட வேண்டியதுதான்.

ஹால்ஸ் கேப்பில் நாங்கள் தங்கிய வீட்டின் முன் புல்வெளியில் கங்காருக்கள் மேய்ந்தன. மச்சான் ஆட்டுக்கறி வாங்கிவந்து மிளகு வறுவல் செய்தார். போடிக்காரர் கை, சுக்கா அவருக்கு அத்துப்படி. நான் வாங்கிவந்த லாங்கியைத் திறந்தேன். குடிக்க வேண்டாம், மோந்து மட்டும் பாருங்கள் என்று கிளாஸை நீட்டினேன். நீட்டிய கிளாஸை வாங்கி, கண்ணை மூடி, நன்றாக இழுத்தார்.

“பழ வாசனை வருது. கொஞ்சம் சாராய நெடி.”

“மிளகு?”

“மிளகா? இதுலயா?”

மறுபடி மோந்தார். இல்லை. உடைத்து வைத்திருந்த மிளகைத் தட்டோடு நீட்டினேன். மூக்கருகே கொண்டுபோய், “நெடி ஏறுது, தும்மல் வருது. வாசனைன்னு தனியா என்ன மாப்ள இருக்கு?” என்றார்.

ஐந்து பேரில் ஒருவருக்கு ரோட்டண்டோன் வாசனை அறவே தெரியாது என்று அதே ஆராய்ச்சியில் படித்திருந்தேன். மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின் என்ற வேறு பொருள்; நாக்கு அதை உணரும், மூக்கு இதைத் தவறவிடும். சொன்னேன். மச்சான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“மிளகு மூட்டை மேல படுத்துத் தூங்குனவன் நான்.”

“மண்டியில மோந்து பார்த்தா வாங்குவீங்க?”

“எவன் மோந்து பார்ப்பான்? லிட்டர் வெயிட் பார்ப்போம், ஈரம் பார்ப்போம். கையில உருட்டுவோம். கடிச்சுப் பார்ப்போம்.” சற்று யோசித்தார். “எங்கப்பா மோந்து பார்ப்பாரு.”

கைபேசியை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. “அந்த மிளகு டப்பாவை எடு. பிள்ளைங்க ரெண்டு பேரையும் கூப்பிடு. ஒவ்வொருத்தரா மோந்து பார்க்கச் சொல்லு... அட, காரணம் அப்புறம் சொல்றேன், முதல்ல சின்னவனைக் கூப்பிடு.”